கூரை என்னும் நிலம்

முதலாண்டு மாணவர்களுக்குத் திருக்குறள் நடத்தும்போது, 'சிற்றினம் சேராமை' அதிகாரத்தின் இரண்டாம் குறளில் நான் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிடுவதுண்டு. நீரானது தான் சேர்ந்த நிலத்தின் இயல்பால் திரிந்து அந்நிலத்தின் தன்மையையே பெற்றுவிடும். மாந்தரின் அறிவும் அவர் சேர்ந்த இனத்தின் இயல்பையே பெறும் என்பது அதன் கருத்து. வேறு ஊர்களில் உவமையை எளிதாகக் கடந்து பொருளுக்குப் போய்விடலாம். எங்கள் ஊரில் அது இயலாது. இராமநாதபுர மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் இது. கொல்லையில் தோண்டினால் சில அடிகளிலேயே நீர் தென்படும்; வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். நிலத்தியல்பால் நீர் திரிவதை எங்கள் மாணவர்கள் நாள்தோறும் நாவினால் அறிந்துகொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

இதே கருத்தைச் சங்கக் கவிஞர் ஒருவர் காதலுக்கு உவமையாக்கினார். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் பற்றிய அவரது உவமையே செம்புலப்பெயல்நீரார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. அங்கே நீரும் மண்ணும் ஒன்றாய்க் கலத்தல் இன்பம். வள்ளுவரிடத்தில் அதே கலப்பு எச்சரிக்கை. இருவரும் கண்டது ஒரே உண்மையைத்தான். வானத்திலிருந்து வரும் நீருக்குத் தனக்கென நிறமோ சுவையோ இல்லை. அது எதன்மேல் விழுகிறதோ, அதுவாகிறது.

எங்கள் வீட்டில் 2012ஆம் ஆண்டு முதல் மொட்டைமாடியில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தி வருகிறோம். இந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை ஒரே தொடரில் சொல்வதானால், அந்த உவமையில் வரும் 'நிலம்' எங்களைப் பொறுத்தவரை கூரைதான். மழையைச் சேமிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சேமிப்பது கூரையைத் தொட்டு வந்த நீரை. கூரை எப்படியோ, தொட்டி அப்படி.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று 2003இல் சட்டம் வந்தது. அதன் முதன்மையான நோக்கம் நிலத்தடி நீரைப் பெருக்குவது. கூரைநீரைக் குழிக்குள் இறக்கினால் மண் வடிகட்டும், கிணறு ஊறும். நல்ல நிலமுள்ள ஊருக்கு நல்ல வழி. எங்கள் கொல்லையிலோ குழிக்குள் இறங்கும் நன்னீர் உப்புநீரோடு கலந்துவிடும். உப்பின் கடுமை சற்றுக் குறையலாமே தவிர, மறுபடி மேலே எடுத்துக் குடிக்க முடியாது. ஆகவே எங்களைப் போன்றோர்க்குத் தொட்டிதான் கதி.

கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். எங்கள் மொட்டைமாடி 60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 650 சதுர அடி. இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. பெருக்கினால் 48,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது, வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 38,000 லிட்டருக்குக் குறையாது. ஆனால் இதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்குத் தொட்டியில் இருப்பதே இருப்பு. குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும். 10,000 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் 400 நாள் வரும். தொட்டியைப் பாதி அளவில் கட்டலாமா என்று நாங்கள் தயங்கியபோது கொத்தனார் சொன்னார்: "மழை என்ன குழாயா டீச்சர், தெனமும் வர்றதுக்கு? பெரிசாவே கட்டிப்புடுவோம்." 8 அடி நீளம், ஏழரை அடி அகலம், 6 அடி நீர்மட்டம் என்று தரைக்கு மேலேயே கட்டினார். புதுச் சிமென்ட்டின் காரம் போகும்வரை இரண்டு முறை நிரப்பி வடித்த பிறகுதான் அதில் குடிநீர் பிடித்தோம்.

400 நாள் என்ற கணக்கு மகிழ்ச்சி தருவது. கூடவே சற்று அச்சமும் தருவது. ஆற்றுநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்றைய அழுக்கு இன்று கடந்து போய்விடும். தொட்டிநீர் எங்கும் போவதில்லை. கார்த்திகையில் உள்ளே நுழைந்த குற்றம் சித்திரையிலும் நம்முடன் இருக்கும். எனவே நுழைந்த பின் களைவதைவிட நுழையவிடாமல் காப்பதே அறிவு.

காவல் கூரையில் தொடங்குகிறது. நம் மொட்டைமாடி வெறும் கூரை அன்று. வற்றலும் வடகமும் மிளகாயும் காய்வது அங்கே. துணி உலர்வது அங்கே. கோடை இரவில் பாய் விரிப்பது அங்கே. காக்கைக்குச் சோறு வைப்பதும் அங்கேதான். சோறுண்ட காக்கை நன்றியோடு எதை விட்டுச் செல்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பறவை எச்சத்தில்தான் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் வருகின்றன. பூனையும் அணிலும் பல்லியும் தம் பங்கைச் செலுத்துகின்றன. வேப்பஞ்சருகு மட்கினால் நீர் நிறம் மாறி வாடை பிடிக்கும்.

எங்கள் வீட்டில் புரட்டாசி முதல் வாரத்தில் வடகத் தட்டுகள் கீழே இறங்கிவிடும். காக்கைக்கு வைக்கும் சோறு கொல்லைச் சுவருக்கு மாறும். மாடிக்குள் நீண்ட வேப்பங்கிளைகளை வெட்டிவிடுவோம். சரசுவதி பூசைக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் வழக்கம் மழைக்குச் சற்று முன்னதாக அமைந்திருப்பது எங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. அந்த வாரத்திலேயே மாடியைத் தேய்த்துக் கழுவி, நீர்ப்போக்கிகளின் வாயைத் தூர்வாரிவிடுவோம். ஒழுகலை அடைக்கத் தாரோ, தெரியாத வண்ணப்பூச்சோ அடிப்பதில்லை. பூசியது எதுவாயினும் ஒருநாள் குவளைக்குள் வரும்.

அடுத்தது முதல் மழை. மாதக்கணக்கில் படிந்த புழுதியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவது அதுதான். பருவத்தின் முதல் மழையை முற்றாக வெளியே விட்டுவிட வேண்டும். அதற்குப் பின் பெய்யும் ஒவ்வொரு மழையிலும் முதல் 1 மில்லிமீட்டர் நீரையாவது ஒதுக்க வேண்டும். அழுக்கு மிகுந்த இடமானால் 2 மில்லிமீட்டர். எங்கள் கூரைக்கு 1 மில்லிமீட்டர் என்பது 60 லிட்டர். மாடியிலிருந்து இறங்கும் குழாய், தொட்டிக்குத் திரும்பும் இடத்தில் 6 அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிறுத்தியிருக்கிறோம். அதன் ஓர் அடி நீளம் ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். 11 அடிக் குழாயில் ஏறக்குறைய 60 லிட்டர். முதலில் வரும் நீர் அதற்குள் விழுந்து நிரம்புகிறது. நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து மேலெழுந்து வாயை அடைக்கிறது. அதன்பின் வரும் நீர்தான் தொட்டிக்குப் போகிறது. அடிமூடியில் சிறு துளை. அதன் வழியே அழுக்குநீர் சொட்டுச் சொட்டாக வடிந்து முருங்கைக்குப் பாய்கிறது. குழாய் அடுத்த மழைக்குத் தயாராகிறது. மூடியை அவ்வப்போது திருகிக் கழற்றி அடியில் தங்கிய சேற்றை அகற்றாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போய்விடும்.

சொல்லும்போது இது எளிதாக இருக்கிறது. குடம் 10 ரூபாய்க்குத் தண்ணீர் விற்கும் தெருவில் இதைச் செய்து பாருங்கள். பருவத்தின் முதல் மழையன்று எங்கள் மாடித் தண்ணீர் வாய்க்காலில் ஓடியதைக் கண்டு தெருவே பதறியது. "படிச்சவங்க வீட்டுலயே இப்படித் தண்ணியத் தெருவுல விடுறீங்களே" என்று ஒருவர் வாசலில் வந்தே கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொன்னவர் என் அத்தை. என் கணவரின் தாயார். எண்பதை எட்டிக்கொண்டிருந்தார் அப்போது. அவர் பிறந்த ஊரில் ஓட்டுக்கூரை இறவாரத்தின் கீழ் நான்கு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்துத் தாழ்த்தி, அதனடியில் அண்டாவை வைத்து மழை பிடிப்பார்களாம். "மொதத் தண்ணி கூரைக்கு, ரெண்டாந் தண்ணி தோட்டத்துக்கு, மூணாந் தண்ணிதேன் நமக்கு" என்றார் அத்தை. வந்தவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பந்து மிதக்கும் குழாயின் தத்துவம் முழுவதும் அந்த மூன்று தண்ணீரில் அடங்கியிருந்தது. பஞ்சத்தில் வாழ்ந்தவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நாம் எண்ணுகிறோம். எதை விட்டால் எது நிலைக்கும் என்பதை அவர்களே நன்கு அறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக வடிகட்டி. கூழாங்கல், பருமணல், மரக்கரி ஆகியவற்றை அடுக்கிய சிறு தொட்டி. இதை வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். வடிகட்டி சருகையும் மண்ணையும் நிறுத்தும். கிருமியை முழுவதும் நிறுத்தாது. கழுவாத வடிகட்டியோ ஈரமும் அழுக்கும் சேர்ந்து தானே கிருமிக்கு வீடாகிவிடும். ஆண்டுதோறும் மணலையும் கல்லையும் வெளியே அள்ளி, கழுவி, வெயிலில் காயவைத்து, கரியை மாற்றுகிறோம்.

நான்காவது தொட்டி. அதற்கு வேண்டியவை இருளும் அமைதியும். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். எனவே இறுக்கமான மூடி. சிறு சந்து கிடைத்தாலும் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது இப்படிப்பட்ட தெளிந்த தேங்குநீரைத்தான். எனவே உள்வரும் வழி, நிரம்பி வழியும் வழி, காற்றுப் போக்கி ஆகிய மூன்றுக்கும் வலை. உள்ளே வரும் குழாய் அடிவரை இறங்கி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. விழும் நீர் அடிவண்டலைக் கலக்காது. நீர் எடுக்கும் குழாய் அடித்தளத்திலிருந்து அரையடி மேலே. அடித்தளம் ஒரு மூலைக்குச் சரிந்து, வண்டலை வெளியேற்ற அங்கே ஒரு வழி. சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்பு மழைநீரின் இலேசான அமிலத்தன்மையைத் தணித்துவிடுகிறது. குடமோ செம்போ கையோ உள்ளே போவதற்கு இடமே இல்லை. குழாயைத் திறந்து பிடிப்பது மட்டுமே வழி. வருகிறவர்கள் மூடியைத் திறந்து நீரைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அந்த ஆசைக்கும் இடம் கொடுப்பதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு கிடைத்த நீரின் சுவையைச் சொல்லாமல் விடக்கூடாது. உப்புநீரில் எத்தனை நேரம் வெந்தாலும் விறைத்து நிற்கும் துவரம்பருப்பு இதில் மலர்ந்து வெந்தது. தேநீரின் நிறமே மாறியது. அத்தை முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, பிறந்த வீட்டுத் தண்ணீர் என்றார்.

இனி, இந்த நீரால் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதி ஊருணிகளின் பகுதி. ஊருணி நீர் கலங்கலாக இருக்கும். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரை ஊற்றி வைத்தால், கலங்கல் திரண்டு அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். இது மிகப் பழைய அறிவு. நெய்தற்கலியில் இவ்விதையால் தெளிந்த நீர், பித்தேறிக் கலங்கிப் பின் தெளிந்த ஒரு பெண்ணுக்கு உவமையாக வருகிறது. நீரைத் தெளியச் செய்வதையும் துயருற்றவரை ஆற்றுவதையும் 'தேற்றுதல்' என்ற ஒரே வினையால் சொல்லும் மொழி நம்முடையது. அத்தை ஊருணியில் வளர்ந்தவர். அவருக்குத் தெளிந்த நீரே நல்ல நீர். குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடி தெரிந்தால் குடிப்பார். ஐம்பது அறுபது ஆண்டுகள் அந்தக் கண்ணை நம்பி ஒரு குடும்பத்தையே வளர்த்திருக்கிறார்.

2021 டிசம்பர். நல்ல மழை பெய்து தொட்டி நிறைந்திருந்தது. எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறைத் தோழி, ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகள் சிலவற்றைக் கொடுத்திருந்தார். உள்ளே மருந்தேற்றிய தாள் இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பி. குறித்த கோடு வரை நீரை நிரப்பி, மூடி, நிழலில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவின் வழியே வரும் பாக்டீரியா இருந்தால் நீர் கறுத்துவிடும். நம் ஊர் வெப்பமே அதற்குப் போதும். வேறு கருவி வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை நிரப்பி வைத்தேன்.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் மகள் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்குப் பருப்புக் கஞ்சி காய்ச்சவும் குடிக்கக் கொடுக்கவும் இரண்டு குடம் மழைத்தண்ணீர் வேண்டும் என்றார். "அதுக்கென்ன, சாயந்தரம் வந்து பிடிச்சுக்க தாயி" என்றார் அத்தை. மாலையில் குப்பியைப் பார்த்தேன். கறுத்திருந்தது.

அத்தையிடம் சொன்னேன். அவர் குழாயைத் திறந்து குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். நீர் பளிங்காக இருந்தது.

"இதுல என்னத்தக் கண்ட? கண்ணாடியாட்டம் இருக்கு."

"பார்வைக்குத் தெளிவாத்தான் இருக்கு அத்தை. உள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. பச்சப்பிள்ளைக்கு வயித்தால போனா தாங்காது."

"அப்ப என்ன செய்யச் சொல்ற? தண்ணி கேட்டு வந்தவளுக்கு இல்லேன்னு சொல்லவா? இந்த வீட்டுல அப்படி ஒரு நா இருந்ததில்ல."

எனக்கு அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. தண்ணீர் இல்லை என்று சொல்லுதல் எங்கள் பக்கத்தில் பண்பின்மை மட்டுமன்று, பாவம். தொட்டி நிறைய நீரை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் அந்த அக்கா என்ன நினைப்பார்? குப்பியைக் காட்டி விளக்கினாலும், கொடுக்க மனமில்லாமல் சொன்ன சாக்கு என்றுதானே தோன்றும்? கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

"இல்லேன்னு சொல்ல வேணாம் அத்தை. காய்ச்சிக் கொடுப்போம்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். மழைத்தண்ணீரைக் காய்ச்சுவது என்பது அவர் மனத்தில் அந்த நீருக்குச் செய்யும் அவமதிப்பு. பின்பு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். இரண்டு பெரிய தவலைகளில் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியை எடுக்காமலே ஆறவைத்தார். என்னைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லித் தாமே உடன் வந்தார். அந்த அக்காவிடம், "காய்ச்சின தண்ணி. சாய்ச்சு ஊத்தி எடு. கையையோ செம்பையோ உள்ள விட்டுறாத" என்றார். சோதனை, கிருமி, குப்பி எதையும் அவர் சொல்லவில்லை. நான் மறுநாள் அக்காவைத் தனியே பார்த்து முழுவதையும் சொன்னேன். தொட்டி சரியாகும்வரை தினமும் காய்ச்சித் தருவதாகவும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே: "அப்ப எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியையும் காய்ச்சணுமா டீச்சர்?" ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை கணவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். நிரம்பி வழியும் குழாயின் நைலான் வலையை அணில் கடித்து ஓட்டை செய்திருந்தது. குழாய்க்குள் தேங்காய் நாரும் புழுக்கையும். அதை அகற்றி, துருப்பிடிக்காத எஃகு வலையைப் பொருத்தினார். பின்பு நீருக்குக் குளோரின் இட்டோம். நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுக்கணக்கு. நீரின் நிலைக்கேற்ப அது கூடும். பொட்டலம் பழையதானால் வீரியம் குறைந்திருக்கும். எனவே கணக்கை மட்டும் நம்பாமல், ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைத் துளிகளை விட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவுடரை நேரே தொட்டியில் கொட்டக்கூடாது. வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அங்கேயும் ஒரு தேற்றுதல்!

நெடி போகும்வரை அத்தை அந்த நீரைத் தொடவில்லை. கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் குடித்தார். அதையும் காய்ச்சச் சொல்லிக் குடித்தார். நெடி முற்றிலும் போன பிறகு மறுபடி ஒரு குப்பியை நிரப்பி வைத்தேன். முதல் நாள் கறுக்கவில்லை. இரண்டாம் நாளும் கறுக்கவில்லை. அத்தை இரண்டு நாளும் தாமே போய்ப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரத்திற்குப் பின் எனக்குத் தெளிவு, தூய்மை என்ற இரு சொற்களையும் ஒன்றாக வழங்க மனம் வருவதில்லை. தெளிவு கண்ணுக்குரியது, தூய்மை சோதித்து அறிவது. தேற்றாங்கொட்டை முதலாவதைத் தரும். இரண்டாவதற்குக் கொதிநீரோ குளோரினோ வேண்டும். முன்னோர் அறிவு பொய் என்று இதற்குப் பொருளில்லை. முதல் நீரை விட்டுவிடு என்றது அவர்கள்தாம். இறவாரத்தில் துணி கட்டியதும், ஊருணியில் கால் வைக்காதே என்று காத்ததும் அவர்கள்தாம். அவர்கள் கண்ணால் காண முடிந்த அளவுக்குக் காவல் வைத்தார்கள். காணமுடியாததற்கு ஒரு சிறு குப்பி கிடைத்திருக்கும்போது அந்தக் காவலை இன்னும் ஒரு படி நீட்டுவது நம் கடமை. பிள்ளை பெற்றவள் ஒருத்தி குடத்தோடு வாசலில் நிற்கும்போது, தெளிவாக இருக்கிறது என்பது போதுமான விடை ஆகாது.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது: புரட்டாசியில் கூரையும் வடிகட்டியும் துப்புரவு. பருவத்தின் முதல் மழைக்கு வணக்கம் சொல்லி வழியனுப்புதல். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் 60 லிட்டர் முருங்கைக்கு. மாதம் ஒரு முறை வலைகளைப் பார்த்தல். தொட்டி நிறைந்ததும் ஒரு குப்பி, தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று. குப்பி கறுக்காவிட்டாலும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் காய்ச்சிய நீரே.

அத்தை தம்மை முதியோர் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. ஆயினும் தம் செம்பில் இருப்பது காய்ச்சிய நீர்தானா என்று கேட்டுத்தான் குடிக்கிறார். காரணம் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததையே தானும் குடிப்பதாகச் சொல்வார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டுக் குழாயடிக்கும் வரும். மழை நாளில் எங்கள் மாடித் தண்ணீர் முதலில் முருங்கைக்குப் போவதைப் பார்த்து, மரம் குடித்து முடித்துவிட்டதா என்று அத்தையிடம் கேட்கும். இன்னும் இல்லை, கொஞ்சம் பொறு என்பார் அத்தை.